சனத்நகரில் ஒரு துறைமுகம்: மறுபயன் பெட்டகத்தின் வரலாறு

ஐதராபாத்துக்குக் கடல் இல்லை. ஆயினும் ஏற்றுமதிச் சரக்கைச் சுங்கத்துறை சோதித்து முத்திரையிடும் பணி, நகரின் சனத்நகர் ரயில் நிலையத்தை ஒட்டிய உள்நாட்டுச் சரக்குப் பெட்டக முனையத்திலேயே நடைபெறுகிறது. அங்கு அடுக்கப்பட்டுள்ள எஃகுப் பெட்டகங்களே, அதாவது கன்டெய்னர்களே, உலகில் பரவலாக மறுபயன்பாட்டில் உள்ள தொழில்துறைக் கொள்கலன்கள். இப்பரவலுக்கு எஃகின் உறுதியை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது.

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டகங்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி அளவை வைத்திருந்தது. ஒருவரின் பெட்டகம் மற்றவரின் கப்பலுக்குப் பொருந்தவில்லை. மூலைப் பூட்டமைப்பின் காப்புரிமையை மக்லீன் தரப்பு விட்டுக்கொடுத்ததும், 8 அடி அகலமும் 20, 40 அடி நீளங்களும் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டதுமே அத்தடையை நீக்கின.

இந்திய ரயில்வே 1966-இலேயே உள்நாட்டுப் பெட்டகச் சேவையைத் தொடங்கியது. எனினும் சர்வதேச அளவுப் பெட்டகம் நாட்டின் உட்பகுதியிலுள்ள முனையமொன்றை முதன்முதலில் அடைந்தது 1981-இல், பெங்களூரில். 1988-இல் நிறுவப்பட்ட இந்தியப் பெட்டகக் கழகம் (கான்கார்), 1989 நவம்பரில் ரயில்வேயிடமிருந்து ஏழு முனையங்களை ஏற்றுப் பணியைத் தொடங்கியது. சனத்நகர் முனையம் இக்கழகத்தின் வலைப்பின்னலைச் சேர்ந்தது.

சனத்நகர் வட்டாரத்தின் தொழில் வரலாறு வேறொரு கேள்வியை எழுப்புகிறது. 1942-இல் தோன்றிய ஆல்வின் ஆலை பேருந்துக் கூடும் குளிர்பதனப் பெட்டியும் கைக்கடிகாரமும் செய்தது. அருகிலுள்ள பாலாநகரில் பொதுத்துறை நிறுவனமான ஐ.டி.பி.எல். மருந்து மூலப்பொருள்களை உற்பத்தி செய்தது. இத்தனை வேறுபட்ட பொருள்களுக்கு ஒரே கொள்கலன் எவ்வாறு பொருந்தும்?

பொருளைத் தொடும் உறையும் பயணத்தைத் தாங்கும் உறையும் பிரிக்கப்பட்டமையே விடை. மருந்துத் தூள் நிரப்பிய டிரம்மில் முந்தைய சரக்கின் எச்சம் சிறிதளவு தங்கினாலும் அடுத்த தொகுதி மாசடையும்; ஆகவே அதன் உட்பை ஒருமுறைப் பயன்பாட்டுக்கே உரியது. இயந்திர உறுப்புக்கு அச்சமில்லை. அதற்குரிய எஃகுச் சட்டகமும் பிளாஸ்டிக் தட்டும் ஆலைகளுக்கிடையே பலமுறை சென்று திரும்பலாம். உள்ளுறை துறைக்கேற்ப மாறுகிறது, வெளிப்பெட்டகம் மாறுவதில்லை.

எனினும் திரும்புதலுக்கு விலை உண்டு. ஓர் ஊரின் இறக்குமதியும் ஏற்றுமதியும் சமமாக இல்லாதபோது, வெற்றுப் பெட்டகம் அங்கே தேங்கும், அல்லது வருவாயின்றி வேறிடம் கொண்டுசெல்லப்படும். நூற்றுக்கணக்கான கல் தொலைவில் துறைமுகங்களைக் கொண்ட ஐதராபாத்தில் இச்செலவு சிறிதன்று. மறுபயன் கொள்கலனின் பொருளையும் வடிவத்தையும் மட்டும் அளவிடுதல் போதாது. பொது அளவை ஏற்ற உடன்பாட்டையும், வெற்றுப் பெட்டகத்தின் திரும்பு பயணச் செலவை ஏற்பவர் யார் என்பதையும் சேர்த்து ஆராயும்போதே இவ்வரலாறு முழுமை பெறும்.