செயற்கைக் கால்: பொருளா, சிகிச்சையா? ஓர் அமெரிக்கச் சட்ட வரலாறு

செயற்கைக் கால் என்பது விலைகொடுத்து வாங்கும் பொருளா, அல்லது ஒரு மருத்துவச் சிகிச்சையா? சாதாரணமாகத் தெரியும் இந்தக் கேள்விக்கு அமெரிக்கச் சட்டங்கள் மாறி மாறிப் பதில் சொல்லி வந்திருக்கின்றன. அந்தப் பதிலைப் பொறுத்தே அங்குள்ள சிறிய, சுதந்திரமான செயற்கை உறுப்பு நிபுணர்களின் பிழைப்பு இருக்கிறது.

போர் தந்த தொழில்

1861 ஜூன் மாதம், அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், ஜேம்ஸ் எட்வர்ட் ஹேங்கர் என்ற 18 வயது இளைஞர் ஃபிலிப்பி என்ற இடத்தில் பீரங்கிக் குண்டுக்கு ஒரு காலை இழந்தார். பீப்பாய் செய்யும் மரப்பலகைகளைச் செதுக்கித் தனக்கே ஒரு கால் செய்துகொண்டார். அவர் தொடங்கிய தொழில் பின்னாளில் நாடெங்கும் கிளைகள் உள்ள பெரிய நிறுவனமானது.

1862ல் வடக்கு அரசு தன் வீரர்களுக்குச் செயற்கை உறுப்புகள் வழங்கப் பணம் ஒதுக்கியது. ஒரு காலுக்கு 75 டாலர், ஒரு கைக்கு 50 டாலர். கவனியுங்கள், விலை உறுப்புக்குத்தான். பொருத்திப் பார்ப்பவரின் உழைப்புக்கு என்று தனியாக எதுவும் இல்லை. அன்று பட்டறை வைத்திருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் பட்டறை மெல்ல மருத்துவமனைப் பக்கம் நகர்ந்தது. 1917ல், முதல் உலகப் போரின்போது, செயற்கை உறுப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 1948ல் இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தகுதிச் சான்று தரும் வாரியம் உருவானது. தச்சராகவும் தோல் தொழிலாளியாகவும் பார்க்கப்பட்டவர் நிபுணர் ஆனார்.

மெடிக்கேர் போட்ட கணக்கு

1965ல் முதியோருக்கான மெடிக்கேர் காப்பீடு வந்தது. செயற்கை உறுப்புகளும் அதில் அடங்கின. ஆனால் கணக்கு பழைய கணக்குதான். மாவுக்கட்டில் அச்சு எடுப்பது, மீதமுள்ள காலுக்கு ஏற்ற கிண்ணம் செய்வது, நடக்க வைத்துப் பார்ப்பது, உறுத்தும் இடத்தைத் திருத்துவது என எல்லா வேலைக்கும் சேர்த்துப் பொருளின் விலையாக ஒரே தொகை. மருத்துவர் போல ஒவ்வொரு முறை பார்ப்பதற்கும் கட்டணம் வாங்க முடியாது.

2000ல் ஒரு சட்டம் இந்த நிபுணர்களுக்குச் சாதகமாக வந்தது. செயற்கை உறுப்புகளையும், நோயாளியின் அளவுக்கென்றே செய்யும் காலிப்பர் போன்ற சாதனங்களையும் தகுதி பெற்றவர் கொடுத்தால் மட்டுமே மெடிக்கேர் பணம் தரவேண்டும் என்றது அது. ஆனால் அதற்கான வரைவு விதி 2017 ஜனவரியில்தான் வெளியானது. பிற மருத்துவத் துறையினரின் எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு அக்டோபரில் அது திரும்பப் பெறப்பட்டது. பதினேழு ஆண்டுக் காத்திருப்பு வீணானது.

2011ன் அடி

2011 ஆகஸ்டில், கால் பொருத்துபவர்கள் அனுப்பிய பில்களில் சந்தேகத்துக்கு இடமானவை இருப்பதாக அரசின் கண்காணிப்பு அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. அதே மாதம் மெடிக்கேர் தரப்பிலிருந்து மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் போனது. நோயாளிக்கு அந்தக் கால் தேவை என்பதற்கு மருத்துவரின் குறிப்பு வேண்டும், நிபுணரின் குறிப்பு மட்டும் போதாது என்பது அதன் சாரம்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நோயாளியோடு பல மணிநேரம் செலவிட்டு, அவர் எப்படி நடப்பார், எந்த வகைப் பாதம் பொருந்தும் என்று எழுதி வைத்தவர் நிபுணர். தணிக்கையில் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை. மருத்துவர் சுருக்கமாக எழுதியிருந்தால் கொடுத்த பணம் திரும்பக் கேட்கப்படும். உதிரி பாகங்களுக்குக் கைக்காசு போட்டுக் கால் செய்து கொடுத்தாகிவிட்டது. அதைக் கழற்றி வாங்க முடியுமா? பெரிய நிறுவனம் மேல்முறையீடு முடியும்வரை தாக்குப்பிடிக்கும். ஒன்றிரண்டு நிபுணர்கள் மட்டும் உள்ள சிறிய நிலையத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஒரு சிறிய வெற்றி

இதை மாற்ற நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வந்தன, தேங்கின. கடைசியில் 2018 பிப்ரவரியில் நிறைவேறிய பெரிய நிதிநிலைச் சட்டத்துக்குள் ஒரு சிறு பிரிவாக அது நுழைந்தது. நிபுணரின் குறிப்பும் நோயாளியின் மருத்துவ ஆவணத்தில் ஒரு பகுதியே என்றது அப்பிரிவு. மருத்துவரின் குறிப்பு இன்னும் தேவைதான். ஆனாலும் நிபுணரின் எழுத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது.

பொருளாக மட்டும் பார்ப்பதன் ஆபத்து 2019 ஏப்ரலில் வெளிச்சத்துக்கு வந்தது. நோயாளியை நேரில் பார்க்காமலே, தொலைபேசி வழியாக முதுகு, முழங்கால் பட்டைகளை எழுதிக் கொடுத்து மெடிக்கேரிடம் பணம் பறித்த மோசடியில் 24 பேர் மீது வழக்குப் பதிவானது. இழப்பு 120 கோடி டாலருக்கும் மேல் என்றது அரசு. இப்படிப்பட்ட மோசடிகள் வரும்போதெல்லாம் கெடுபிடி கூடுகிறது. நேர்மையாக அளவெடுத்துக் கொடுப்பவரும் அதே கெடுபிடியில் மாட்டிக்கொள்கிறார்.

2021லும் 2023லும் கொண்டுவரப்பட்ட மசோதா இதற்குத்தான் தீர்வு தேடியது. இந்த நிபுணர்களின் பணியைச் சக்கர நாற்காலி போன்ற பொருள்களிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும், அளவெடுத்துச் செய்யும் சாதனங்களைப் பொருத்திப் பார்க்காமல் அஞ்சலில் அனுப்பக்கூடாது என்றது அது. இரண்டு முறையும் அது சட்டமாகவில்லை.

1862ல் உறுப்புக்கு விலை வைத்தது தவறல்ல. அன்று தேவை அப்படி. ஆனால் சரியாகப் பொருந்தாத கால், எத்தனை விலை உயர்ந்ததானாலும், கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். பொருத்துகிற கைக்கும் மதிப்புத் தருகிற சட்டம் நிபுணருக்கு மட்டும் அல்ல, நடக்க வேண்டியவருக்கும் நன்மை செய்யும்.