குதிரைக்கு 220 பொன், காலுக்கு ஒன்றுமில்லை!

புதுச்சேரியிலிருந்து செஞ்சிக்கோட்டைக்குப் போய் வந்தவர்கள் அங்கே இருக்கும் குதிரை லாயத்தைப் பார்த்திருப்பார்கள். ராஜா தேசிங்கு கதையும் நினைவுக்கு வந்திருக்கும். நம் ஊர்க் கதைகளில் குதிரைக்குப் பஞ்சமே இல்லை. அய்யனார் கோயில் வாசலில் மண்குதிரை, ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கல்குதிரை, மாணிக்கவாசகர் கதையில் நரி பரியான அதிசயம். ஆனால் உயிருள்ள குதிரை தமிழ்நாட்டில் எப்படி வாழ்ந்தது என்று கேட்டால் பதில் கொஞ்சம் சங்கடமானது. அது பெரும்பாலும் சீக்கிரமே செத்துப்போனது.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

கடல்வழியாகக் குதிரை வருவது நமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துக்கு அப்படி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே சொல்கிறது. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வியாபாரம் உச்சத்துக்குப் போனது. மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி (1268 முதல்). துறைமுகம் காயல், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கம். ஹோர்முஸ், கீஷ், ஏடன் போன்ற இடங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின.

1290களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அரசர் ஒருவரே வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், அவருடைய நான்கு சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள் என்று எழுதுகிறார். ஐந்து பேருக்கும் சேர்த்தால் 10,000. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தனியாக எழுதிய கணக்கிலும் அதே 10,000தான்! ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். ஆக மொத்தம் வருஷத்துக்கு 22 லட்சம் தினார். இந்தப் பணம் கோயில் வருமானத்திலிருந்தும் கணிகையர் மீதான வரியிலிருந்தும் வந்தது என்கிறார் வஸ்ஸாஃப்.

ஒப்பந்தத்தின் ஷரத்து இதைவிட வேடிக்கை. வழியில் கடலில் குதிரை செத்தாலும் அதன் விலையைப் பாண்டியன் கஜானா கொடுக்க வேண்டும். அதாவது சரக்கு கைக்கு வருவதற்கு முன்பே நஷ்டம் வாங்குபவர் தலையில். இன்னொரு விஷயமும் உண்டு. பெரிய அளவில் குதிரை அனுப்பிய கீஷ் தீவின் ஜமாலுத்தீனுடைய சகோதரர் தகியுத்தீன்தான் பாண்டியனிடம் அமைச்சர் பொறுப்பில் இருந்தார். விற்பவர் அண்ணன், வாங்கும் இடத்தில் தம்பி!

சரி, வருஷா வருஷம் 10,000 குதிரை எதற்கு? படை பெரிதாகிக்கொண்டே போனதா? இல்லை. வாங்கியதெல்லாம் செத்துக்கொண்டே இருந்தது. வருஷக் கடைசியில் நூறு குதிரைகூட மிஞ்சாது என்கிறார் மார்க்கோ போலோ. குதிரையைப் பராமரிக்க இங்கே யாருக்கும் தெரியவில்லை, லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆட்களைக் கூட்டி வரவில்லை. தாமாக வர நினைத்தவர்களையும் தடுத்தார்கள். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் யார் வாங்குவது?

இன்றைய பாஷையில் சொன்னால், வண்டியை விற்றுவிட்டு மெக்கானிக்கை ஊருக்குள் விடாமல் பார்த்துக்கொள்வது. ஆஃப்டர் சேல்ஸ் சர்வீஸ் இல்லை என்பதுதான் அந்த வியாபாரத்தின் லாபமே.

இனி லாயத்துக்குள் என்ன நடந்தது என்று பார்க்கலாம். வஸ்ஸாஃப் சொல்வது இது: வந்த குதிரைகளைக் கயிற்றால் முளையில் கட்டி 40 நாள் நிற்க வைத்து, தானியத்தை நெய்யில் வறுத்துப் போட்டுக் கொழுக்க வைத்தார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் திடீரென்று ஏறிப் பேய்போல ஓட்டினார்கள். கொஞ்ச நாளில் நல்ல குதிரையெல்லாம் சோர்ந்து உதவாமல் போனது. அரிசியும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்பது மார்க்கோ போலோவின் சாட்சி.

இது ஏன் குதிரையைக் கொல்லும்? விடை காலில் இருக்கிறது.

குதிரையின் எடை சுமார் 400 முதல் 500 கிலோ. அதில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. முழங்காலுக்குக் கீழே தசை என்று ஒன்றும் கிடையாது. எலும்பு, அதை ஒட்டிய தசைநாண், தோல், அவ்வளவுதான். நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது அந்த நாண் ரப்பர் போல இழுபட்டு, அதன் உட்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது என்று 1990களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் சூடு சீக்கிரம் தணியாது, காயம் பட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

அதனால்தான் குதிரை தெரிந்தவர்கள் ஓடி வந்த குதிரையை அப்படியே கட்ட மாட்டார்கள். மூச்சு சீராகும் வரை 10, 15 நிமிஷம் மெதுவாக நடத்துவார்கள். பிறகு கால்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் விடுவார்கள். குளம்பைத் தூக்கிப் பார்த்து, சிக்கிய கல்லை எடுப்பார்கள். நான்கு காலையும் கையால் தடவி, எங்காவது சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வயிறு நிறையத் தானியம் உடனே போடமாட்டார்கள். மறுநாள் சும்மா நடத்தி, நொண்டுகிறதா என்று கவனிப்பார்கள். பெரிய செலவெல்லாம் இல்லை. தண்ணீரும் கையும் கண்ணும் போதும்.

பாண்டிய லாயத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். குதிரை நடக்கும்போதுதான் குளம்பு அமுங்கி விரிந்து, ரத்தத்தை மேலே தள்ளும். 40 நாள் கட்டிப்போட்டால் கால் வீங்கும். அதோடு தானியத்தையும் சோற்றையும் அள்ளிப் போட்டால், அது பெருங்குடலில் புளித்து, அதன் விளைவு குளம்பில் தெரியும். குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய அடுக்குகள் அழற்சி கண்டு பிய்ந்துபோகும். முற்றினால் குதிரையால் நிற்கக்கூட முடியாது. அந்த நிலையில் அதை ஓட்டினால்?

இங்கே பிறந்த குட்டிகள் கால் கோணலாக, சவாரிக்கு ஆகாமல் இருந்தன என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். தீனியில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் குட்டியின் எலும்பு சரியாக வளராது என்பது இன்று தெரிந்த விஷயம். அரிசியிலும் தவிட்டிலும் அந்தச் சத்து குறைவு. அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

எல்லாப் பழியையும் லாயத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. நம் கடற்கரைப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். ஈ கடித்துப் பரவும் சர்ரா நோயும் உண்டு. மார்க்கோ போலோ கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். 1311இல் மாலிக் காஃபூர் தெற்கிலிருந்து திரும்பியபோது 512 யானைகளோடு 5,000 குதிரைகளையும் கொண்டுபோனதாக அமீர் குஸ்ரு எழுதுகிறார். நூறுகூட மிஞ்சாத நாட்டில் இத்தனை ஏது?

இந்தியாவுக்கே குதிரை வைத்தியம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. சாலிஹோத்திரர் பெயரிலும் நகுலன் பெயரிலும் அசுவ சாஸ்திர நூல்கள் வடமொழியில் இருந்தன. ஏடு இருந்தது. லாயத்தில் குதிரையின் காலைத் தடவிப் பார்க்கும் கையோடு அது சேரவில்லை. மன்னன் குதிரைக்குக் கொடுத்த விலையில் சிறு பங்கைக் குதிரைக்காரனுக்குக் கொடுத்து அவனைப் பழக்கியிருந்தால், கோயில் பணம் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

ஐரோப்பாவிலும் இந்த இரண்டும் சேர வெகுகாலம் ஆனது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதே வருஷம் பிரான்சின் லியோன் நகரில், குதிரையேற்றப் பள்ளி நடத்திய க்ளோத் பூர்ழெலா என்பவருக்கு உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்க அரசு அனுமதி கிடைத்தது. சென்னை வேப்பேரியில் கால்நடைக் கல்லூரி 1903இல் வந்தது. இன்று நம் புதுச்சேரியிலேயே குரும்பாபேட்டில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

காயல் துறைமுகம் மணல் மூடிப் போய்விட்டது. அந்த வியாபாரத்தின் சூத்திரம் மட்டும் அழியவில்லை. பொருளை விற்பவனே அதைப் பராமரிக்கும் அறிவையும் பூட்டி வைத்தால், வாங்குபவன் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அடுத்த முறை எதையாவது பெரிய விலை கொடுத்து வாங்கும்போது, இது கெட்டுப்போனால் யார் பார்ப்பார் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். பாண்டியன் கேட்காமல் விட்ட கேள்வி அது.