கண்மாய் மண்ணும் ஐயனார் குதிரையும்

1956-இல் தோன்றிய தில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் சுடுமண் ஐயனார் குதிரைகளைக் காணும் நம்மவர் சிறிது நேரம் நின்று, ஊர் நினைவோடு மீள்வது வழக்கம். ஆயினும் அவற்றுக்கு உரிய இடம் கூரையற்ற ஊர்ப்புறச் சோலையே.

புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் புரவியெடுப்பு விழா பிடிமண்ணில் தொடங்கும். ஊரார் அளிக்கும் அம்மண்ணைப் பெறும் வேளார், அதனைக் கண்மாய்க் களிமண்ணோடு கலந்து, மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துவர். கால்களை முதலில் குழாய்போல் அமைத்து நிறுத்தி, உடலைச் சிறிது சிறிதாகக் கையால் வளர்ப்பர். கீழ்ப்பகுதி இறுகினாலன்றி மேற்பகுதி ஏறாது. காய்கையில் வெடித்ததை நீரில் ஊறவைத்தால் மீண்டும் களிமண்ணாகும். சூளை கண்டபின் அவ்வழி அடைபடும். 1876-இல் யாகோர் என்னும் செருமானியர் அகழ்ந்த ஆதிச்சநல்லூர்த் தாழிகள் இத்தனை காலம் கரையாதிருந்ததும் தீப்பட்டமையால் அன்றோ!

எனினும் சோலைக் குதிரையை எவரும் பழுதுபார்ப்பதில்லை. மழையும் வேரும் அதனைச் சிதைக்க, அருகே புதியது நிற்கும். பழமையைப் பேணத் தெரியாமை இது என்பார் உளர், நாம் உடன்படோம். பழையது சிதைவதனால்தான் ஊர் மீண்டும் வேளாரை அழைக்கிறது. தந்தை கையின் பக்குவம் மகன் கைக்கு வருகிறது. களிமண் எடுத்த இடத்தில் கண்மாயும் சிறிது ஆழப்படுகிறது.

இந்நாளில் பல ஊர்களில் சிமெண்டுக் குதிரைகள் எழுந்துவிட்டன. வண்ணம் மங்கினால் மறுபடி பூசுகின்றனர். அங்கெல்லாம் பிடிமண் கொடுப்பாரும் இலர், பெறுவாரும் இலர்.