வம்சச் சின்னமும் அச்சுப் பிரதியும்

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில், பிரிட்டிஷ் கொலம்பியா தொடங்கி அலாஸ்கா வரையில் வாழ்ந்துவரும் ஹைடா, சிம்ஷியன், ட்லிங்கிட், க்வாக்வக்கவாக் முதலான ஆதிகுடிகள் தேவதாரு மரத்தில் செதுக்கியும் தீட்டியும் வந்த காக்கை, கழுகு, கரடி முதலிய பிராணிகளின் உருவங்கள் இன்று சில்க் ஸ்கிரீன் அச்சில் காகிதத்தில் பதிந்து உலகெங்கும் விலையாகின்றன என்பதைக் கண்டு, யந்திர யுகம் மற்றுமொரு தொல்கலையை விழுங்கிவிட்டது என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தம் இரக்கத்தில் பிறந்ததாயினும் இடம் தவறியது என்பதே என் துணிபு.

தொழில் முறையை முதலில் நோக்குவோம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியில், மை இறங்கக் கூடாத பகுதிகளை அடைத்துவிட்டு, ரப்பர்ப் பட்டையால் மையைத் தள்ளிப் பதிக்கும் இம்முறையில், நிறத்துக்கு ஒரு திரை வேண்டும். நிழலும் மென்திரிபும் எளிதில் கைகூடா. கூர்மையான விளிம்பும் சமமாகப் பரந்த நிறமுமே அதன் இயல்பு. வடமேற்குக் கரையின் பழைய ஓவியர் பலகைப் பெட்டிகளிலும் வீட்டு முகப்புகளிலும் விரும்பியவை இவையே அல்லவா? கறுப்பில் ஓடும் பிரதான உருக்கோடு, சிவப்பில் அமையும் துணைக்கோடு, ஆங்காங்கே நீலமும் பச்சையும் கலந்த ஒரு வண்ணம் என்ற கட்டுப்பாட்டையும், அக்கோடு பருத்தும் மெலிந்தும் உருவம் முழுவதையும் அறுபடாமல் பிணைக்கும் நியதியையும் கலை ஆய்வாளர் பில் ஹோம் 1965-இல் வெளியிட்ட நூலில் நுணுகி ஆராய்ந்தார். மேலும், கண்ணையும் மூட்டையும் குறிக்கும் முட்டை வடிவங்களை ஒரே அளவில் வரைய மரப்பட்டையில் வெட்டிய வார்ப்புருக்களை முன்னோரே கையாண்டனர். ஆகவே வெட்டிய வடிவைக் கொண்டு வரைவது வெள்ளையர் கற்பித்த வித்தையன்று.

இக்கலையின் விசேஷம் பிராணியை அதன் லக்ஷணத்தால் அறிவிப்பது. பெரிய முன்பற்களும் குறுக்குக் கோடிட்ட வாலும் கண்டால் நீர்நாய் போன்ற பீவர். நேரிய அலகு காக்கை, வளைந்த அலகு கழுகு. முதுகில் உயர்ந்த துடுப்பு கொலைத்திமிங்கிலம். உடலை நடுவில் பிளந்து இரு பக்கமும் ஒருங்கே தெரிய விரித்துக் காட்டும் உத்தியை மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் 1927-இலேயே விளக்கினார். உருவம் எத்துணை சிதைந்து பரந்தாலும் லக்ஷணம் நிற்குமாயின் பிராணி நிற்கும். தட்டையான காகிதம் அதற்குத் தடையே அன்று.

உண்மையான வினா வேறு: சின்னம் யாருக்கு உரியது என்பதே அது. ஹைடாக்களுள் ஒவ்வொருவரும் காக்கைப் பிரிவிலோ கழுகுப் பிரிவிலோ தாய்வழியாகப் பிறக்கின்றனர். அவற்றுள் அடங்கிய வம்சங்கள் தத்தமக்குரிய சின்னங்களைப் பெற்றிருக்கின்றன. அவ்வுரிமை, பாட்லாட்ச் என்னும் கொடை விழாவில் விருந்தினரைச் சாட்சியாகக் கொண்டு நிலைநாட்டப்படுவது; சாட்சிக்குக் கொடையே கூலி. இவ்விழாவைக் கனடா அரசாங்கம் 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடை செய்திருந்தது. 1921-இல் நடந்த க்வாக்வக்கவாக் மக்களின் விழா ஒன்றைத் தொடர்ந்து முகமூடிகளும் சடங்குப் பொருள்களும் பறிமுதலாயின. யந்திரம் அன்று, அரசாங்கமே கலையின் வேரை வெட்டிற்று என்பதை வருந்துவோர் மறக்கலாகாது.

தடை நீங்குவதற்கு முன்பே, 1940களின் இறுதியில், க்வாக்வக்கவாக் சிற்பி எல்லன் நீல் குலச்சின்ன வடிவங்களைத் துணியில் அச்சிட்டு வான்கூவரில் விற்றார். பின்னர் ஹைடா கலைஞர் ராபர்ட் டேவிட்சன், தம் மூதாதையர் வாழ்ந்த மாசெட் கிராமத்தில் 1969-இல் ஸ்தம்பம் ஒன்றை நாட்டியவர், அச்சுக் கலையிலும் கைதேர்ந்தார். ஹைடா உருக்கோட்டின் இலக்கணத்தைக் கற்க வேண்டிய ஒரு தலைமுறைக்கு, அருங்காட்சியகங்களில் சிறைப்பட்ட பெட்டிகளைவிடக் கையில் கிடைத்த தாள்கள் நல்ல ஆசான்களாயின என்று கருதுகிறேன்.

ஆயினும், முன்பின் அறியாத ஒருவர் விலை கொடுத்து வாங்கும்போது சின்னத்தின் உரிமையுமா கைமாறுகிறது? இல்லை; அவர் தாளுக்கே உடையவர். இதனைக் கலைஞர்கள் நன்கறிவர். ஒவ்வொரு பிரதிக்கும் எண்ணிட்டுக் கையொப்பமிட்டுத் தொகையை வரையறுப்பது சந்தைக்கு அருமைப்பாடு கூட்டும் தந்திரமாகவும் இருக்கலாம். எனினும் பெருகுதலுக்கு எல்லை கட்டும் அவ்வழக்கம் சின்னத்தைக் காக்கும் பழைய கவலைக்கு அந்நியமானதன்று. அச்சுத் தாள்களைப் பாட்லாட்சிலேயே விருந்தினருக்குக் கொடையாக வழங்குவதும் உண்டு. அங்கே அவை சாட்சி கூறக் கடமைப்பட்டவர் கையில் சேர்கின்றன. ஆதலின் அருங்காட்சியகப் பட்டியல்கள் இத்தாள்களின் மை, காகிதம், பிரதியெண் ஆகியவற்றோடு நில்லாமல், சின்னம் எவ்வம்சத்தது, வரைந்தவருக்கு அதில் உரிமை எவ்வாறு வந்தது, தாள் கடையில் விலையாயிற்றா, விழாவில் கொடையாயிற்றா என்பதையும் பதிவு செய்தல் வேண்டும்.