பாறசாலை எல்லையும் இரண்டு புயல்களும்

நம் சங்க மலருக்குக் கல்வெட்டு, சமணப் பள்ளி, பழைய வணிக வழி என்றுதான் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். இம்முறை காற்றைப் பற்றி எழுதப் போகிறேன். "இதிலே என்ன வரலாறு?" என்று சிலர் கேட்கலாம். கல்லில் வெட்டி வைத்தால்தான் வரலாறு என்பதில்லை. ஒரு ஊர் எதற்குப் பயந்தது, யார் சொன்னதை நம்பியது, யார் சொன்னதை நம்பாமல் போனது என்பதும் வரலாறுதான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிமாநிலத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பாறசாலை என்றால் ரயில் ஜன்னலில் ஒரு நிமிஷம் வந்து போகும் பெயர்ப்பலகை, அவ்வளவே. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை தாண்டினால் பாறசாலை. கொஞ்சம் போனால் இஞ்சிவிளை. அதற்கடுத்து களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்காவும் வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது, கிடைக்கவில்லை. எனவே கோடு இங்கே விழுந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் வீட்டு ரேஷன் கார்டு மலையாளத்திலும் தம்பி வீட்டு ரேஷன் கார்டு தமிழிலும் இருக்கும். விளையும் ரப்பரும் மரச்சீனியும் வாழையும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கடற்கரைக்குப் போனாலும் அப்படியே. கேரளத்தின் பொழியூர் முடிகிற இடத்தில் தமிழ்நாட்டின் நீரோடி தொடங்குகிறது. மணலில் கோடு கிடையாது.

இந்தக் கோடியில் புயலைப் பற்றிப் பேச்சே இருக்காது. மழை பேசுவார்கள், நெய்யாற்று வெள்ளம் பேசுவார்கள், ஆனி ஆடியில் கடலேற்றம் பேசுவார்கள். புயல் என்றால் "அது கிழக்கே உள்ள ஆளுகளுக்கு" என்பார்கள். அதில் உண்மையும் உண்டு. புயல் சுழல்வதற்குப் பூமி சுற்றுவதால் உண்டாகும் ஒரு திருப்பு விசை வேண்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்த விசை குறையும். குமரிமுனை எட்டு டிகிரியில் இருக்கிறது. வங்கக் கடலில் பிறக்கும் புயல்களில் பெரும்பாலானவை வடக்கே ஒதுங்கி நாகை, கடலூர், நெல்லூர், ஒடிசா என்று போய்விடும். தெற்கே வந்தவையும் பெரும்பாலும் பாக் நீரிணைப் பக்கத்தையே தாக்கின. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை அலை அப்படியே கொண்டுபோயிற்று. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயலும் ராமநாதபுரம் கரையில்தான் ஏறியது. பாறசாலைக்காரர்களுக்கு இவை பத்திரிகைச் செய்திகள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. காற்றையும் காந்தத்தையும் முறையாக அளந்து எழுதி வைத்த பழைய நிலையங்களில் ஒன்று இந்த ஊர்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1837-இல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் அமைத்தார். அதன் முதல் பொறுப்பாளர் ஜான் கால்டிகாட். இவர் அதற்கு முன்பு ஆலப்புழைத் துறைமுகத்தில் திருவிதாங்கூர் அரசின் வணிக ஏஜெண்டாக இருந்தவர். (கணக்குப் பேரேட்டை மூடிவிட்டு இரவில் நட்சத்திரம் பார்த்த ஒரு வியாபாரி என்பதால் எனக்கு இவர்மேல் தனிப் பிரியம்.) அவருக்குப் பின் 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், நெய்யாறு உற்பத்தியாகும் அகத்தியமலையின் உச்சியிலேயே 1855-இல் ஒரு நிலையம் கட்டினார். யானைக்காட்டில், கூரை நிற்காத காற்றில், ஆட்கள் போய் அளவெடுத்துக் குறித்தார்கள். புயலுக்கு ஆங்கிலத்தில் சைக்ளோன் என்ற பெயரைக் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் அச்சில் தந்தது 1848-இல். ஆகவே அந்தச் சொல் பிறந்த காலத்திலேயே நம் மூலையில் கருவி இருந்தது, ஏடும் இருந்தது. இன்றும் திருவனந்தபுரத்தின் வானிலை மையம் அந்த அப்சர்வேட்டரி மேட்டில்தான் இருக்கிறது.

இனி 2017-க்கு வருகிறேன். நவம்பர் 29, புதன்கிழமை. கார்த்திகை மாதம், சபரிமலைக்குப் போகிறவர்களின் வண்டிகள் நெடுஞ்சாலையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இலங்கைக்குத் தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு. கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு அன்று வந்தது. ஆனால் அந்த மாதிரி அறிவிப்பு மழைக்காலத்தில் அடிக்கடி வரும். "புயல்" என்ற சொல் அதில் இல்லை. மறுநாள் காலையில் அது குமரிமுனைக்குத் தெற்கே சுமார் அறுபது கிலோமீட்டரில் புயலாகிவிட்டது. ஒக்கி என்று வங்கதேசம் கொடுத்திருந்த பெயர் அதற்கு வந்தது. கண் என்று பொருள். புயல் என்ற அறிவிப்பு வந்தபோது நண்பகல். அதற்குள் குமரி மாவட்டத்தில் மரம் விழ ஆரம்பித்துவிட்டது.

வழக்கமாக ஒரு தாழ்வு புயலாக வளர்வதற்கு நாட்கள் எடுக்கும். கரையை நெருங்குவதற்குள் நான்கு முறை செய்தி சொல்லிவிடலாம். ஒக்கி கரையின் வாசலிலேயே ஒரு நாளுக்குள் வளர்ந்தது. இதை அறிவியல் காரணமாக ஒத்துக்கொள்ளலாம். ஆனால் முந்தின நாள் மாலை வள்ளம் இறக்கிய பொழியூர், புல்லுவிளை, விழிஞ்ஞம், பூந்துறை ஆட்களுக்கும், அதற்கும் பல வாரம் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி ஆட்களுக்கும் அந்தக் காரணம் என்ன செய்யும்? தூத்தூர்க்காரர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் நூற்றுக்கணக்கான கடல்மைல் போகிறவர்கள். கரையின் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. அறிவிப்பு நேரத்தோடு வந்திருந்தால்கூட அவர்கள் காதில் விழுந்திராது.

இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கு ஒன்று, ஊர்க்கணக்கு ஒன்று. நான் எண் எழுதவில்லை. எழுத வேண்டியது வேறொன்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்து ஆள், கேரளத்து விசைப்படகில், கொச்சியிலிருந்து போய், லட்சத்தீவுக் கடலில் காணாமல் போனார் என்றால் அவர் எந்த மாநிலத்துக் கணக்கு? இதற்குப் பதில் தேடிப் பெண்கள் இரண்டு தலைநகருக்கும் அலைந்தார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான கடற்கரை மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கறுப்புக்கொடியோடு நடந்தே வந்தார்கள். அன்று அந்த வழியில் ரயில்கள் நின்றன. பாறசாலையில் பயணிகள் பெட்டியோடு காத்துக் கிடந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு பெரியம்மா மட்டும், "கெடக்கட்டும் மக்களே, அவங்க ஆளத் தேடுதாங்க, நாம வண்டியத்தான தேடுதோம்" என்றார்கள். அதற்குப் பிறகு அந்த பிளாட்பாரத்தில் யாரும் பேசவில்லை.

அதன்பின் சில மாற்றங்கள் வந்தன. 2018-இல் திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் தனியாகத் தொடங்கப்பட்டது. ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகள் கொடுக்கப்பட்டன. இவற்றுக்கெல்லாம் சோதனை 2020 டிசம்பரில் வந்தது. அதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

அரிசி வியாபாரத்தில் எல்லைப்பக்கம் எனக்கு நாலைந்து கடைகளில் வரவு செலவு உண்டு. கொரோனாவால் பல மாதம் போகாமல் இருந்து, பாக்கி வசூலிக்க அந்த வாரம்தான் போனேன். டிசம்பர் 1 மாலை புயலுக்குப் புரெவி என்று பெயர் வைத்தாயிற்று. மாலத்தீவு கொடுத்த பெயர், ஒருவகைக் கண்டல் மரம். 2-ஆம் தேதி இரவு திரிகோணமலைக்கு வடக்கே கரையேறி இலங்கையைக் கடந்தது. அடுத்து பாம்பனுக்கும் குமரிக்கும் இடையே 4-ஆம் தேதி விடியலில் ஏறும், அங்கிருந்து மேற்கே மலை தாண்டித் திருவனந்தபுரம் மாவட்டத்துக்குள் இறங்கும் என்றார்கள். ஒரு புயல் தரை வழியாகத் தங்கள் ஊருக்கு வருகிறது என்று முன்கூட்டியே நாள் குறித்துச் சொன்னதை இந்த ஊர்க்காரர்கள் அதுவரை கேட்டதில்லை.

3-ஆம் தேதி வியாழக்கிழமை பாறசாலைச் சந்தையில் கயிறு விற்றுத் தீர்ந்தது. மெழுகுவர்த்தியும் அப்படித்தான். தகரக் கூரை போட்டவர்கள் கூரைக்குக் குறுக்கே கயிறு விட்டு இரண்டு பக்கமும் கல்லில் கட்டினார்கள். குலை தள்ளிய ஏத்தன் வாழைக்கு முட்டுக்கம்பு கொடுத்தார்கள்; முக்கால் விளைச்சல் ஆனதை வெட்டியே விட்டார்கள். ஒரே நாளில் இத்தனை குலை சந்தைக்கு வந்தால் விலை என்ன ஆகும்? ஆயிற்று. வீட்டுமேல் சாய்ந்த தென்னையையும் பலாவையும் கிளை கழித்தார்கள். டிசம்பர் 8-இல் பஞ்சாயத்துத் தேர்தல். ஜங்ஷனில் மூன்று கட்சிக்காரர்களும் அவரவர் போர்டை அவரவரே ஏணி வைத்து இறக்கினார்கள். ஒரே ஏணிதான், மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடங்களை முகாமாக்கினார்கள்; நோய்க்காலம் ஆனதால் பாய்களை எட்ட எட்டப் போட்டார்கள். களியக்காவிளைப் பக்கம் ஜீப்பில் தமிழில் அறிவித்துக்கொண்டு போனார்கள். இஞ்சிவிளைப் பக்கம் மலையாளத்தில். இரண்டு ஒலிபெருக்கியும் ஒரே டீக்கடையில் கேட்டது. சொன்னதும் ஒன்றுதான்.

மதியம் பொழியூர் கடப்புறத்துக்குப் போனேன். கடலில் ஒரு வள்ளமும் இல்லை. எல்லாவற்றையும் மேட்டில் ஏற்றி, தென்னை மூட்டில் கட்டியிருந்தார்கள். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். மூத்த மீனவர் ஒருவர் ஈர மணலில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து வருமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கொண்டல் இப்படி செத்துக் கெடக்கப்பிடாது. வந்தாலும் வரும். வராட்டாலும் வராது. ஒக்கிக்கு ஒருத்தரும் சொல்லல முதலாளி. இப்போ எல்லாரும் சொல்லுதாங்க. சொல்லட்டும். சொன்னா கேட்டுக்கிடுவோம்."

அவர் வீட்டில் யாரையும் இழந்தாரா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கரையில் அப்படிக் கேட்பது மரியாதை ஆகாது.

மறுநாளுக்குத் திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, ஆலப்புழை, இடுக்கி ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு விடுமுறை அறிவித்தார்கள். விமான நிலையத்தைக் காலை பத்து முதல் மாலை ஆறு வரை மூடுவதாகச் சொன்னார்கள். அன்றிரவு கடைக்காரர் வீட்டில் தங்கினேன். அவர் மூட்டைகளைத் தரையிலிருந்து பலகைமேல் ஏற்ற, நானும் ஒரு கை கொடுத்தேன். எங்கள் சமயத்தில் துறவிகள் மழைக்காலம் நான்கு மாதமும் ஊர் ஊராக நடக்காமல் ஒரே இடத்தில் தங்குவார்கள். ஈர மண்ணில் புழு பூச்சி மிதிபடக்கூடாது என்பது காரணம். சிதறால் மலைக் குகையில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் அப்படித் தங்கினவர்களும் இதே கார்த்திகைக் காற்றைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. கரண்ட் போகும் போகும் என்று பார்த்தோம். போகவில்லை.

காற்று வரவே இல்லை. புரெவி மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரைக்கு அருகில் வந்து அப்படியே நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே வலுக் குறைந்து வெறும் தாழ்வாயிற்று. ஆனால் அதன் மழை வடக்கே போய்க் கொட்டியது. கொள்ளிடத்தில் ஒரே நாளில் 36 சென்டிமீட்டர், சிதம்பரத்தில் 34. நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. பாறசாலையில் 4-ஆம் தேதி காலை சாதாரண மேகமூட்டம், அங்கங்கே தூறல். டீக்கடையில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. வாழைக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. முற்றாத குலையைப் பாதி விலைக்கு விற்றவர் அவர். "இந்த நஷ்டம் எந்தக் கணக்குல வரும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், வியாபாரி என்பதால்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். கடையில் தீ இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். முப்பது வருஷமாக என் கடையில் தீப்பிடிக்கவில்லை. கட்டின பணம் வீண் என்று நான் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பணத்தை நான் கட்டுகிறேன், பாதுகாப்பும் எனக்கே. இங்கே அப்படி இல்லை. எச்சரிக்கையின் பலன் கடற்கரைக்காரருக்கும், செலவு வாழைக்காரருக்கும் போய்விட்டது. காற்றில் விழுந்த வாழைக்கு நிவாரணம் உண்டு. காற்றுக்குப் பயந்து வெட்டின வாழைக்குக் கிடையாது. இரண்டு மூன்று முறை இப்படி நஷ்டப்பட்டவர் நாலாவது முறை வெட்டமாட்டார், ஏணியும் தேடமாட்டார். முன்னறிவிப்பு எவ்வளவு திருந்தினாலும் இந்த ஓட்டையை அடைக்காவிட்டால் அறிவிப்பின் மதிப்பு கரைந்துகொண்டே போகும் என்பது என் கருத்து. ராமநாதபுரத்தில் நின்ற புயல் இன்னும் நூற்றைம்பது கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் அன்று சிரித்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஊருக்குத் திரும்புமுன் மறுபடி பொழியூர் போனேன். தடை இன்னும் நீங்கவில்லை. பையன்கள் வள்ளத்தின் கயிற்றை அவிழ்க்க அவசரப்பட்டார்கள். அந்த மூத்தவர் தென்னை மூட்டில் உட்கார்ந்து முடிச்சின்மேல் கையை வைத்திருந்தார். "ஓபீஸ்லேந்து சொல்லட்டும் மக்களே. நாளைக்கும் கடலு இங்கதான் கெடக்கும்" என்றார். பையன்கள் மணலில் சீட்டு விளையாடப் போனார்கள்.