ஊர் திரும்பிய மாரி



மாரி என்றதும் நம்ம பக்கத்து வீட்டு மாரியம்மாவைத் தேடாதீர்கள். இந்த மாரி ஜப்பான்காரப் பெண். முழுப்பெயர் மாரி மோத்தோஹாஷி. அவர் ஆடியது கர்லிங் என்னும் பனி விளையாட்டு. ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள கருங்கல்லை உறைந்த தரையில் வழுக்கிவிட்டு, தூரத்தில் வரைந்த வட்டத்தின் நடுவில் நிறுத்த வேண்டும். எதிராளியின் கல்லை இடித்து வெளியே தள்ளவும் செய்யலாம். நம்ம பிள்ளைங்க ஆடுற கேரம் மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஆனால் இதில் கல் ஓடும்போதே கூட்டாளிகள் அதன் முன்னே துடைப்பத்தால் பனியைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டு ஓடுவார்கள். தேய்க்கத் தேய்க்க வழுக்கல் கூடி, கல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

மாரி 1986-ஆம் ஆண்டு பிறந்தார். ஊர் தொக்கோரோ. ஜப்பானின் வடகோடியில் ஹொக்காய்டோ தீவில், கடலோரத்தில் மீனவரும் உழவரும் வாழும் சின்ன ஊர் அது. 1980-களின் தொடக்கத்தில் கனடா நாட்டுத் தொடர்பால் இந்த ஆட்டம் அங்கே வந்தது. யூஜி ஒகுரி என்ற ஊர்க்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். கல்லுக்கு எங்கே போவது? பீர் பீப்பாயைக் கல்லாக்கினார்கள். தண்ணீர் ஊற்றி உறைய வைத்துக் களத்தையும் தாங்களே போட்டார்கள். 1988-இல் கூரை போட்ட ஆட்டக்கூடமே அங்கு எழுந்தது. பன்னிரண்டு வயது மாரி ஆடப் பழகியது இந்த ஒகுரியிடம்தான்.

பிறகு அவர் அவோமோரி நகரத்து அணியில் சேர்ந்தார். 2006-இல் தூரின் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு ஏழாவது இடம்; 2010-இல் வான்கூவரில் எட்டாவது. பேரும் புகழும் வந்தாச்சு, பதக்கம்தான் வரவில்லை.

அந்த 2010 ஆகஸ்டில் அவர் செய்த காரியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நகரத்து அணியை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பினார். பதினேழு பதினெட்டு வயதுப் பெண்களான யூரிக்கா யோஷிதா, யூமி சுசுக்கி முதலானோரைச் சேர்த்து 'லோக்கோ சொலாரே' என்ற அணியைத் தொடங்கினார். 2014 ஒலிம்பிக்குக்கு வேறொரு ஜப்பானிய அணி போயிற்று. அவர் அசரவில்லை. சினாமி யோஷிதாவும் சத்சுக்கி ஃபுஜிசாவாவும் வந்து சேர்ந்தார்கள்.

2015-இல் மாரி தாயானார். திரும்பி வந்தபோது அணியில் நால்வர் நன்றாகப் பொருந்திவிட்டிருந்தார்கள். தான் தொடங்கிய அணி, தனக்கே இடமில்லை! சண்டை பிடித்தாரா? இல்லை, ஐந்தாவது ஆளாக, மாற்று வீராங்கனையாக இருக்கச் சம்மதித்தார். அதைச் சும்மா உட்காரும் வேலை என்று எண்ணாதீர்கள். ஆட்டம் முடிந்த இரவில் களத்தில் இறங்கி, மறுநாளுக்குரிய கற்களை ஒவ்வொன்றாய் வழுக்கிப் பார்த்து, எது நேரே போகும், எது வளையும் என்று குறித்து வைப்பது அந்த ஐந்தாவது ஆள்தான். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் கல்லுக்குக் கல் குணம் வேறு.

2016-இல் உலகப் போட்டியில் வெள்ளி கிடைத்தது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அரையிறுதியில் தென்கொரியாவிடம் 8-7 என்று தோற்றார்கள். மனசு விட்டுப்போகிற தோல்வி. மறுநாளே பிரிட்டனை 5-3 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள். ஜப்பானுக்குக் கர்லிங்கில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம்! மாரியின் கழுத்திலும் ஒன்று விழுந்தது.

ஊரார் கூடி வரவேற்றபோது சினாமி மனம் திறந்து பேசினார். இந்த ஊரில் என்ன இருக்கிறது, இங்கிருந்து கனவு பலிக்குமா என்று சின்ன வயதில் எண்ணியதாகவும், இங்கே இருந்திராவிட்டால் அது பலித்திருக்காது என்று இப்போது நினைப்பதாகவும் சொன்னார்.

அதே ஆண்டு மாரி அந்த அணியின் ஆட்டத்திலிருந்து ஒதுங்கி, இளையவர்களை வளர்க்கும் வேலையில் இறங்கினார். நான்காண்டு கழித்து, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அதே நால்வரும் இறுதியாட்டம் வரை போய் வெள்ளி கொண்டு வந்தார்கள்.