வாத்தின் அரைவைப்பையும் தோட்டாவின் நீளமும்

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கென விற்கப்படும் தோட்டாக்களில் மூன்று நீளங்கள் உண்டு: 2¾ அங்குலம், 3 அங்குலம், 3½ அங்குலம். மூன்றுமே ‘12 போர்’ எனப்படும் ஒரே குழல் அளவைச் சேர்ந்தவை. குழலின் அகலம் மாறாதிருக்கத் தோட்டா மட்டும் ஏன் நீண்டுகொண்டே போயிற்று? மேலும் மேலும் வலிமை வேண்டும் என்னும் ஆசைதான் காரணம் என்று எண்ணத் தோன்றும். அது பாதி உண்மையே. மறுபாதியை அறிய வாத்தின் வயிற்றுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

முதலில் இந்தப் போர் எண்ணைப் புரிந்துகொள்வோம். ஒரு பவுண்டு (சுமார் 454 கிராம்) ஈயத்தை உருக்கி, ஒரே அளவான 12 குண்டுகளாக வார்த்தால், ஒவ்வொரு குண்டின் விட்டமும் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர் இருக்கும். அதுவே 12 போர்க் குழலின் உள்விட்டம். பத்துக் குண்டுகளாக வார்த்தால் 10 போர். விட்டம் சுமார் 19.7 மில்லிமீட்டர். ஆகவே எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். அக்குழலிலிருந்து பாய்வது தனிக் குண்டு அன்று; நூற்றுக்கு மேற்பட்ட சிறு ரவைகள் விரிந்து பறக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழலின் அகலத்துக்கு வரம்பே இருக்கவில்லை. செசபீக் விரிகுடா போன்ற நீர்நிலைகளில், நகரச் சந்தைகளுக்கு வாத்து பிடித்து விற்போர் தட்டையான படகுகளில் பீரங்கி போன்ற பெருந்துப்பாக்கிகளைப் பொருத்தினர். ஒரே வெடியில் ஒரு பவுண்டுக்கு மேல் ரவை பாயும். பல டசன் பறவைகள் விழும். துப்பாக்கி உதைக்கும் உதையில் படகே பின்னோக்கி நகரும்! பறவைகள் அருகிய பின்னரே அரசு விழித்துக்கொண்டது. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகள், 10 போருக்கு மேற்பட்ட குழல்களைத் தடை செய்தன. 1935இல், துப்பாக்கியில் ஒரே சமயத்தில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியும் சேர்ந்தது.

அகலத்துக்குத் தடை வந்தது, நீளத்துக்கு வரவில்லை. 1932இல் 10 போரில் 3½ அங்குலத் தோட்டாவும், 1935இல் வின்செஸ்டர் நிறுவனத்தின் கனத்த வாத்துத் துப்பாக்கிக்காக 12 போரில் 3 அங்குலத் தோட்டாவும் தோன்றின. இவை மேற்சொன்ன ஆசையின் விளைவுகள்தாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. தோட்டாவின் நீளம் என்பது வெடித்த பின் அதன் வாய் மடிப்பு முழுதும் விரிந்த நிலையில் உள்ள நீளம். வெடிக்காத 3 அங்குலத் தோட்டா, 2¾ அங்குல அறைக்குள் எளிதில் நுழைந்துவிடக்கூடும். ஆனால் வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமிராது. வாய் குறுகி, உள்ளே வாயு அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். குழலின் மேல் அறையின் நீளம் பொறிக்கப்பட்டிருப்பது இதற்காகவே.

இனி வாத்துக்கு வருவோம். பல்லில்லாத பறவை தானியத்தை அரைப்பது எப்படி? சிறு கற்களை விழுங்கி, தசை மிகுந்த அரைவைப்பையில் வைத்துக்கொண்டு, அவற்றையே அம்மியும் குழவியுமாக்கி அரைக்கிறது. சதுப்பு நிலச் சேற்றில் பல்லாண்டுகளாக விழுந்து கிடக்கும் ஈய ரவைகள் அதற்குக் கற்களாகவோ விதைகளாகவோ தோன்றுகின்றன. அரைபடும் ஈயம் வயிற்று அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. சிறகு தொங்கி, உண்டது செரியாமல், உடல் மெலிந்து வாத்து சாகிறது. வேட்டைக்காரன் குறி தவறிச் சுட்ட ரவை, பல ஆண்டுகள் கழித்துக் குறி தவறாமல் கொல்கிறது எனலாம்.

இந்நோய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கவனிக்கப்பட்டது. அலெக்சாண்டர் வெட்மோர் என்னும் பறவையியல் அறிஞர் யூட்டா மாநிலச் சதுப்புகளில் ஆராய்ந்து, 1919இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். 1959இல் இல்லினாய் மாநிலத்து பிராங்க் பெல்ரோஸ், 35,000க்கும் மேற்பட்ட அரைவைப்பைகள் பற்றிய தகவல்களைத் தொகுத்து, வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுதோறும் 2 முதல் 3 விழுக்காடு ஈயத்தால் மடிகின்றன என மதிப்பிட்டார். நஞ்சுண்ட வாத்துகளைத் தின்ற வெண்தலைக் கழுகுகளும் மாண்டன. அது அந்நாட்டின் சின்னப் பறவை அல்லவா? வழக்கு வலுத்தது.

ஈயத்துக்கு மாற்றாக எஃகு முன்வந்தது. 1976 முதல் சில பகுதிகளில் அது கட்டாயமாயிற்று. வேட்டையாடுவோர் கடுமையாக எதிர்த்தனர். அவர்கள் வாதம் வெறும் பிடிவாதமன்று. ஒரே அளவுள்ள கல்லையும் தக்கையையும் வீசிப் பாருங்கள். இலேசானது காற்றில் விரைவில் தளரும். ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகினுடையது சுமார் 7.9 தான். எஃகு ரவை தொலைவில் வலுவிழந்து, பறவையைக் கொல்லாமல் காயப்படுத்திவிடும் என்றனர். கடினமான எஃகு பழைய குழல்களைக் கீறிக் கெடுக்கும் என்றும் அஞ்சினர். 1978இல், மாநிலங்களின் இசைவின்றி மைய அரசு இவ்விதியைச் செயற்படுத்த முடியாதபடி காங்கிரஸ் தடுத்தது.

முதற்குறைக்குத் தீர்வு ரவையைப் பெரிதாக்குவது. கணக்கிட்டுப் பாருங்கள்: 3.3 மில்லிமீட்டர் ஈய ரவையின் எடை ஏறத்தாழ 0.21 கிராம். எஃகில் அதை எட்ட 3.8 மில்லிமீட்டர் ரவை வேண்டும். அதன் எடை சுமார் 0.23 கிராம். விட்டத்தில் அரை மில்லிமீட்டர்தான் கூடுதல். கனஅளவிலோ ஒன்றரை மடங்கு! அத்தனை ரவைகளையும் குறையாமல் அடைக்கப் பழைய தோட்டாவில் இடமேது? குழலைக் கீறாதிருக்க ரவைகளைத் தடித்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைக்க வேண்டியிருந்ததால், இடம் இன்னும் குறைந்தது. விளைவாக, 1988இல் ஃபெடரல் நிறுவனத்தின் 3½ அங்குல 12 போர்த் தோட்டாவும், அதற்கேற்ற மாஸ்பெர்க் துப்பாக்கியும் சந்தைக்கு வந்தன. 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் நாடு முழுவதும் விலக்கப்பட்டது.

பயன் கிட்டியதா? மிசிசிப்பி வலசைப் பாதையில் மல்லார்டு வாத்துகளின் ஈயச் சாவு 64 விழுக்காடு குறைந்தது என்றும், 1997ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 14 இலட்சம் வாத்துகள் பிழைத்திருக்கும் என்றும் 2000இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2023 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியமும் ஈர நிலங்களில் ஈய ரவையைத் தடை செய்துள்ளது.

நீண்ட தோட்டாவின் உதை தோளுக்கு இதமானதன்று. பின்னர் 9.6 அடர்த்தியுள்ள பிஸ்மத்தும், ஈயத்தையே விஞ்சும் டங்ஸ்டன் கலவைகளும் வந்தன, விலைதான் அதிகம். அவற்றை வாங்க வசதியுள்ளவர்கள் 3 அங்குலத்துக்கும் 2¾ அங்குலத்துக்கும் திரும்பி வருகிறார்கள்.